வெற்றுச்சீட்டு

சேவ் பொத்தானைப் பச்சையில் வைப்பதா நீலத்தில் வைப்பதா என்று எங்கள் ஆபீசில் ஒரு வாரம் சண்டை நடந்திருக்கிறது, மேடம். மேனேஜர் பச்சை என்றார். அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, எங்களுக்கு அட்டவணை அம்மா, நீலம் என்றார். பச்சை கண்ணை உறுத்துகிறதாம். கடைசியில் நான் சாம்பல் நிறத்தில் வைத்தேன். இரண்டு பேரும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எங்கள் வேலையில் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனம் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்புகிறது. படுக்கையில் கிடப்பவர்கள், தனியாக இருப்பவர்கள், தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாமல் கை நடுங்குபவர்கள் என்று முந்நூற்று நாற்பது வீடுகள். உதவியாளர்கள் ஐம்பத்திரண்டு பேர். யார் வீட்டுக்கு யார் போக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எழுதியவன் நான். பதினோரு வருடமாக நான் ஒருவன்தான். இன்னொரு ஆளைப் போடுகிறேன் என்று மேனேஜர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். நானும் ஒவ்வொரு வருடமும் சரி சார் என்பேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. மேலே பெயர், விலாசம், போன் நம்பர். கீழே ஐம்பத்திரண்டு உதவியாளர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கட்டம். எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதோ அவர் அந்த வீட்டுக்குப் போவார். காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் கம்ப்யூட்டர் அந்த டிக்குகளைப் பார்த்து ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு பட்டியல் அனுப்பும். பட்டியலில் உள்ள வீட்டுக்குப் போவார்கள். இல்லாத வீட்டுக்குப் போக மாட்டார்கள். சொந்த யோசனையில் போனவர்களை மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

இந்தக் கட்டங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சேவ் அழுத்தியதும் டிக் உள்ள கட்டம் தன் பெயரைச் சொல்லும். டிக் இல்லாத கட்டம் "நான் இல்லை" என்று சொல்லாது. வாயையே திறக்காது. வந்து சேர்ந்த பெயர்களை வைத்துக்கொண்டு, வராதவர்களை எல்லாம் அந்த வீட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான் கண்டுபிடித்ததல்ல, உலகம் முழுக்க இப்படித்தான். சரி, எல்லா டிக்கையும் எடுத்துவிட்டால்? எந்தக் கட்டமும் பேசாது. ஒரு தகவலும் வராது. தகவல் வராததால் கம்ப்யூட்டர், இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் காலமானார். அவர் வீட்டுக்கு ஒரே ஒரு உதவியாளர்தான். அட்டவணை அம்மா, அதாவது எங்கள் ஆபீசில் இந்தப் பக்கங்களைப் பராமரிப்பவர், அந்த ஒரு டிக்கை எடுத்து சேவ் செய்தார். மறுநாள் டிக் அங்கேயே இருந்தது. திரும்ப எடுத்தார், திரும்ப வந்தது. ஒரு மாதம், செத்தவர் வீட்டுக்குக் காலையும் மாலையும் ஆள் போனது. அந்த வீட்டம்மா முதலில் திட்டினாராம், பிறகு அழுதாராம், கடைசியில் உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாராம். அட்டவணை அம்மா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், நான் டிக்கை எடுக்க எடுக்க அது திரும்ப வந்து உக்காந்துக்குது. இது என்ன சார் மிஷினா, பேயா?"

இரண்டு மணி நேர வேலை. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெறும் வரியை வைத்தேன். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கூடவே போகும். பெயர்களோடு சேர்ந்து போனால் அதற்கு மதிப்பில்லை. தனியாகப் போனால் "யாரும் வேண்டாம்" என்று அர்த்தம். பெயர் எழுதாத சீட்டை மடித்துப் போடுவது போல என்று அட்டவணை அம்மாவுக்கு விளக்கினேன். அவர் அதற்கு வெற்றுச்சீட்டு என்று பெயரே வைத்துவிட்டார். சும்மா இருப்பதற்கும் வேண்டாம் என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.

இப்போது அக்கா விஷயம்.

என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவள். அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த அச்சகத்தின் படிக்கட்டிலேயே விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. இடது கையும் போகப் போகச் சோர்ந்துவிட்டது. மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் நினைத்தால் ஓடும். எங்கள் ஆபீசிலிருந்தே மூன்று பேர் மாறி மாறிப் போனார்கள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டுவது, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது, போனுக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் அவர்கள்தான். சாவி அவர்களிடம் இருந்தது. ஆள் குறையும் நாளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் போவேன்.

நடுவில் போன் வரும். "டேய், இந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கணும்டா." ஒரு ஃபேனைக் குறைக்க நாற்பது நிமிடம் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். போனதும், "காலைல நீ அனுப்பின மெசேஜ்ல ரெண்டு பிழைடா" என்பாள். எனக்குச் சிரிப்புதான் வரும். மோசமானவள் இல்லை, மேடம். என்னை ஒரு நாளும் நோகப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்து, அக்கா தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வாந்தி வருவது போல இருக்கும். ஏன் என்று தெரியாது.

எனக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான். கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. கோபம் இருந்திருந்தால் கத்தித் தீர்த்துவிட்டு மறுநாள் வழக்கம்போல பஸ் ஏறியிருப்பேன். அலுப்பைக் கத்தித் தீர்க்க முடியாது. டாக்டரிடம் கேட்டேன், இன்னும் எவ்வளவு காலம் என்று. அவர் நல்ல செய்தி சொல்வது போல, இதயம் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் இருபது வருஷம் கவலையே இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பார்மசி வாசலில் இருந்த நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாள் லீவு கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் லீவு. அக்காவிடமும் கேட்டேன்.

"போயிட்டு வாடா," என்றாள். "எனக்கென்ன, ராணி மாதிரி மூணு பேர் வந்து பாத்துக்கறாங்க. நீ மொதல்ல அந்த மூஞ்சிய மாத்திட்டு வா."

லீவுக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை காலை, புதிய பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பழைய பக்கம் நீளமாகி, திறக்கவே நேரமெடுத்தது. அதனால் ஐம்பத்திரண்டு கட்டங்களையும் தனியாக ஒரு தாவலுக்குள், டேப் என்பார்களே, அதற்குள் தள்ளியிருந்தேன். அந்தத் தாவலைத் தட்டினால்தான் கட்டங்கள் வந்து சேரும். சோதனைக்காக ஒரு போலி ஆளின் போன் நம்பரை மாற்றி சேவ் செய்தேன். தாவலைத் திறக்கவில்லை. பிறகு பார்த்தால் அந்த ஆளுக்கு இருந்த டிக் எல்லாம் காலி.

உடனே புரிந்துவிட்டது. கட்டங்களைத் தாவலுக்குள் நகர்த்திய நான், வெற்றுச்சீட்டை மட்டும் மேலேயே விட்டுவிட்டேன். கட்டங்கள் வரவில்லை, சீட்டு மட்டும் போயிருக்கிறது. போன் நம்பரைத் திருத்த வந்தவர், தனக்கே தெரியாமல் யாரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு வரியை இரண்டு அங்குலம் கீழே நகர்த்தினால் சரியாகிவிடும். என் குறிப்பேட்டில், "தாவல் திறக்காமல் சேவ் செய்தால் எல்லோரும் கழன்றுவிடுகிறார்கள், பார்க்கணும்" என்று டைப் செய்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து அந்தக் குறிப்பை அழித்தேன். அழித்ததை உங்கள் ஆட்கள் எப்படியோ மீட்டு எடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

அந்த வாரம் அட்டவணை அம்மாவுக்கு மேனேஜர் ஒரு வேலை கொடுத்திருந்தார். எல்லா வீட்டு விலாசத்திலும் பக்கத்தில் உள்ள அடையாளத்தைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் என்று. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து சேவ் செய்வார், தாவலைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் புதிய பக்கத்தைப் போட்டேன். அக்கா வீட்டுக்கு மட்டும் டிக் போயிருந்தால் யார் எடுத்தது என்று தேடுவார்கள். நாற்பது ஐம்பது வீட்டுக்குப் போனால் அது மென்பொருள் பிழை. பிழைக்கு யாரும் விலங்கு மாட்டுவதில்லை.

செவ்வாய் மாலை அக்காவைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது, சுருட்டை எதிரே வந்தது. அக்காவுக்கு அதிகம் வரும் உதவியாளர். முடியை வைத்து அக்கா வைத்த பெயர்.

"நாளைலேர்ந்து லீவாமே சார்? அப்ப அக்கா கூடவே இருப்பீங்க. அவங்களுக்கு ஒரே குஷிதான் போங்க."

நான் சிரித்தேன். இருப்பேன் என்றும் சொல்லவில்லை, இருக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். பட்டியலில் அக்கா பெயர் இல்லாததைப் பார்த்ததும், தம்பி லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

புதன் பன்னிரண்டு மணிக்குப் புதிய பக்கம் வேலைக்கு வந்தது. பன்னிரண்டரைக்கு என் வீட்டில் உட்கார்ந்தபடியே அக்காவின் பக்கத்தைத் திறந்து, விலாசத்தில் "தபால் ஆபீசுக்கு எதிரே" என்று சேர்த்து சேவ் செய்தேன். உண்மையிலேயே எதிரேதான் இருக்கிறது. நீங்கள் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளலாம், மேடம், நான் விலாசம் மாற்றியதாகத்தான் இருக்கும். ஒரு டிக்கைக்கூட என் கையால் எடுக்கவில்லை. ஒன்றரைக்குப் பஸ். இரண்டு மணிக்குப் பட்டியல் போனபோது நான் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தேன்.

கடற்கரையில் ஒரு சுமாரான விடுதி. தலையணை உறையில் யாரோ இஸ்திரிப் பெட்டியால் சுட்ட அடையாளம் இருந்தது. வியாழக்கிழமை காலை, நான் இட்லிக்கோ ரொட்டிக்கோ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அட்டவணை அம்மா போன் செய்தார்.

"சார், லீவுல தொந்தரவு பண்றேன். காலைலேர்ந்து ஒரே போனு சார். ஏன் ஆள் வரலன்னு கத்தறாங்க. பாத்தா டிக்கே இல்ல. மேனேஜர் என்னப் புடிச்சு காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சறார். நான் ஒரு டிக்கையும் எடுக்கல சார், சத்தியமா."

"கை தவறி எடுத்திருப்பீங்கம்மா. வேலை ஜாஸ்தில்ல," என்றேன்.

"பத்து வீட்டுக்கா சார் கை தவறும்?"

"போன் வர்றவங்களுக்குத் திரும்ப டிக் போட்டுடுங்க."

"வேற யாருக்கெல்லாம் போயிருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்துத் தர முடியுமா சார்?"

"நான் திங்கக்கிழமை வந்து பாத்துக்கறேன். நீங்க பதறாதீங்க."

அந்த லிஸ்டை எடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, விடுதியிலிருந்தே முடியும். போனை வைப்பதற்கு முன்னால், "அக்கா நல்லாருக்காங்களா சார்?" என்று கேட்டார். நல்லாருக்காங்க என்றேன். இந்த விவகாரம் முழுக்க நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். கை தவறியிருக்கும் என்றது பொய் ஆகாது, அது ஒரு அனுமானம்.

மொத்தம் நாற்பத்தாறு வீடுகள். நாற்பத்து நாலு வீட்டில் யாராவது இருந்தார்கள், போன் போட்டுக் கத்தினார்கள், டிக் திரும்ப வந்தது. மீதி இரண்டில் ஒன்று கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். தனிக்கட்டை. சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி. காது கேட்காது, அதனால் போனே வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தாராம். அவரை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவர் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு, மேடம். அவர் இதில் வந்திருக்க வேண்டியவரே இல்லை. விலாசத்தில் ஏற்கெனவே அடையாளம் எழுதியிருந்தால் அட்டவணை அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தே இருக்க மாட்டார்.

திங்கட்கிழமை காலை ஊர் திரும்பினேன். பஸ் நிலையத்திலிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். ஏன் முதலில் அக்கா வீட்டுக்குப் போகவில்லை என்று உங்கள் கூட இருந்தவர் கேட்டார். பிழை என்னுடையது, அதைத் திருத்துவது என் பொறுப்பு. வெற்றுச்சீட்டை இரண்டு அங்குலம் கீழே நகர்த்தினேன். சோதித்துப் பார்த்தேன். பதினோரு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் திறந்தேன். வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது, தண்ணீர் பாட்டில் தரையில் கிடந்தது. மற்றதெல்லாம் உங்கள் படங்களில் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர், வியாழக்கிழமை முழுக்க மேலே டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்கள் பழசு. எப்போதும் சத்தம் போடும்.

பிறகு அட்டவணை அம்மாவை வேலையைவிட்டு எடுத்தார்கள். கவனக்குறைவு என்று வழக்கும் போட்டார்கள். போன வாரம் உங்கள் வாசல் படியில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு துண்டும் மாத்திரைகளும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அக்கா போயிட்டாங்களே சார், என்னாலதானே சார், என்னை மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை நான் உதறவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, மேடம். செய்யாத தப்புக்கு ஒருவர் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் இல்லை நான். அதனால்தான் வந்தேன். வேறு எப்படிப் பார்த்தாலும், நான் செய்தது ஒரு வரியைத் திருத்தாமல் விட்டது. கண்டும் காணாமல் இருந்தது. அதற்குச் சட்டத்தில் என்ன உண்டோ அதைக் கொடுங்கள்.

இது என்ன காகிதம்?

என் போன் நம்பர்தான். ஆமாம். புதன்கிழமை, மாலை ஆறு இருபது. அந்த நம்பர் அக்காவுடையது. நாற்பத்தோரு விநாடி. லீவில் அக்கா பேசவே இல்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன், நினைவிருக்கிறது.

விடுதிக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு கால் ஷூவைக் கழற்றியிருந்தேன். எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது என்று எடுத்த பிறகுதான் தோன்றியது.

"டேய், சாயங்காலம் யாரும் வரலையேடா," என்றாள். "தண்ணியும் தீந்துபோச்சு. ஆபீசுக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா?"

அவளுடைய போனில் இரண்டு பெரிய பொத்தான்கள் உண்டு. ஒன்று எனக்கு, ஒன்று ஆபீசுக்கு. நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அவள் அந்த இரண்டாவதை அழுத்தியிருந்தால் கால் மணி நேரத்தில் யாராவது போயிருப்பார்கள்.

"வேண்டாம்க்கா," என்றேன். "நீ ஆபீசுக்கெல்லாம் போன் போடாத. நான் சொல்லிக்கறேன். ஆள் வந்துட்டே இருக்காங்க, கொஞ்சம் பொறுத்துக்கோ. சார்ஜ் வேற கம்மியா இருக்கும், பேசித் தீத்துடாத."

அவள் ஆபீசுக்குப் போடவே இல்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் சொன்னால் கேட்பாள். எனக்கும் அதற்குப் பிறகு போன் வரவில்லை, மறுநாளே சார்ஜ் தீர்ந்திருக்கும்.

"சரிடா," என்றாள். "நீ நிம்மதியா இரு." அவளேதான் போனை வைத்தாள்.

நிம்மதியாகத்தான் இருந்தேன், மேடம். ஆறு வருடத்தில் அந்த ஐந்து நாள்தான் நன்றாகத் தூங்கினேன்.